நேரத்துக்குச் சாப்பிடு

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆரம்பித்துவிட்டேன். மற்றபடி ஆவல் ஒன்றும் இல்லை.

போனில் பேசினால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். நான் கத்தினேன், நீங்கள் துண்டித்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. கிழித்தால் இன்னொன்று எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை பிசிக்ஸ் லேபில் சார் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வருகிறவள் பெயர் வந்தது. எனக்குப் பின்னால் வருகிறவள் பெயரும் வந்தது. நான் கம்பியின் தடிமன் அளக்க ஸ்க்ரூ கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சார் என்னைப் பார்த்து, "உன் பேர் இங்க இல்லம்மா. கீழ டைப்ரைட்டிங் ரூமுக்குப் போ" என்றார். மொத்த லேபும் திரும்பிப் பார்த்தது. கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கதவு வரைக்கும் நடந்ததுதான் பெரிய தூரமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். உன் அப்பாதான் போன் பண்ணினார், பெண் கஷ்டப்பட வேண்டாம், சுலபமான குரூப்புக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார் என்றார். நல்ல அப்பா என்று வேறு சொன்னார்.

முதல் பரீட்சையில் பிசிக்ஸில் இருபத்திமூன்று என்று உங்களிடம் யார் சொன்னது? நான்தான் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று சொன்னேன். அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு டைப்ரைட்டிங் ரூம்.

போனை எடுத்து, தவறாகச் சொல்லிவிட்டேன், மகளைப் பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள் என்று சொல்லுங்கள். இது கெஞ்சல் இல்லை.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு, அலுவலக நிர்வாகப் பிரிவு மாணவி


ஆகஸ்ட் 13

அன்புள்ள கடுகு,

நான் நலம். நீயும் அம்மாவும் இருவரும் நலமா? இங்கே துறைமுகத்தில் காற்று அதிகம். கிரேன் கூண்டுக்கு ஏறுவதற்குள் பாதி உயிர் போகிறது. சாப்பாடு பரவாயில்லை.

உன் கடிதம் வந்தது. பெயருக்குப் பதில் பிரிவைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். கோபத்தில் கூட உனக்குக் குறும்பு போகவில்லை.

உனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மேலே கூண்டில் இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது முழுசாகத் தெரியாது. அதனால் கீழே ஒருவர் நின்று கை காட்டுவார். தூக்கு, இறக்கு, இடது, வலது எல்லாம் அவர் சொன்னால்தான். வேறு யார் கை காட்டினாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் நிறுத்து என்கிற சைகையை மட்டும் யாரும் காட்டலாம். தரை கூட்டுகிறவர் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஏனென்றால் ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம்.

இருபத்திமூன்று என்று நீ சொன்னபோது எனக்கு ஆபத்து தெரிந்தது. கை காட்டினேன். அவ்வளவுதான். அதற்கு நீ இவ்வளவு குதிக்க வேண்டாம். அலுவலக நிர்வாகம் படித்தவர்கள் இங்கே கீழ்த்தளத்தில் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அவர்கள் ஏறுவதில்லை. உனக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்தால் எனக்குப் போதும்.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வரச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள், நல்ல அப்பா என்று பெயர் வாங்கியிருக்கிறீர்களே.

அம்மா போனுக்கு வரமாட்டாளாம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

டைப்ரைட்டிங் ரூமைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே யாராவது இறங்கினால் சுண்ணாம்பு தலையில் உதிரும். என் மெஷினில் ஒரு எழுத்து மேலே போனால் திரும்பி வராது, விரலால் இழுத்துவிட வேண்டும். சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நல்லவர்தான். இங்கே இருப்பவர்களில் சிலருக்கு இந்தப் படிப்பு நிஜமாகவே பிடித்திருக்கிறது, அவர்கள் விரல் பறக்கிறது. அவர்களை நான் கேலி செய்யவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மேலே பிசிக்ஸ் லேபில் ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்கும்போது என் காது எரிகிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன். இதைச் சொல்லக் கூடாது என்று ரோஷமாக இருந்தேன். அந்த முதல் பரீட்சையில் வகுப்பிலேயே அதிக மார்க் முப்பத்தெட்டு. பிசிக்ஸ் சார் ஒவ்வொரு வருஷமும் முதல் கேள்வித்தாளை அப்படித்தான் கொடுப்பாராம். பயந்தவர்கள் ஓடட்டும், மீதி இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன் என்பாராம். நான் பயப்படவில்லை. பயந்தது நீங்கள். ஓடியது மட்டும் என் பெயரில்.

நிறுத்து என்று யாரும் காட்டலாம் என்கிறீர்கள். சரி. நிறுத்திய பிறகு? சுமை அந்தரத்தில் தொங்குமே, அதை யார் இறக்குவது? கூட்டுகிறவரா? இதற்குப் பதில் எழுதுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அதன் பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. மாற்றச் சொன்னவரே திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு கேட்டு அவரைப் போய்ப் பார்த்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. வந்து நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். எல்லாம் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரம்.

உங்கள் மகள்


செப்டம்பர் 2

அன்புள்ள கடுகு,

நலம். இருவரும் நலம் என்று நினைக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. என் அறையில் இருக்கும் வெல்டர் ராத்திரியெல்லாம் குறட்டை. சொன்னால் அவர் நான்தான் குறட்டை விடுகிறேன் என்கிறார்.

கேட்ட கேள்விக்குப் பதில். நிறுத்திய பிறகு கூண்டில் இருக்கிறவன் எதையும் தொடக் கூடாது. கீழே கை காட்டுகிறவர் போய்ப் பார்ப்பார். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று அவரும் மேலே இருப்பவனும் பேசிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் சுமை நகரும். ஆனால் அது வேறு, இது வேறு. என் தொழிலை எடுத்து என் மேலேயே வீசாதே.

மற்றவர்கள் என்ன மார்க் என்பது எனக்கு வேண்டாத பேச்சு. முப்பத்தெட்டு வாங்கியவன் அப்பனுக்கு அவன் கவலை. நான் போன் பண்ண மாட்டேன். சொன்னது சொன்னதுதான். ஒரு வருஷம் போனால் நீயே எனக்கு நன்றி சொல்வாய்.

நல்ல பேனா ஒன்று அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நேரத்துக்குச் சாப்பிடு. படித்துக்கொண்டே சாப்பிடாதே.

அன்புடன்,
அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

பேனா வந்தது. அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சலவைக்குப் போகிற போர்வைகளில் வார்டு நம்பர் எழுத உதவுகிறதாம்.

நீங்களே எழுதிவிட்டீர்கள், பேசிக்கொள்வார்கள் என்று. என்னிடம் யார் பேசினது? அது வேறு, இது வேறு என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் வேறாகிவிடுமா? என்னைச் சுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் தப்பு. நான் சுமை இல்லை. இந்தக் கிரேனில் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது நான். வேர்ப்பதும் எனக்குத்தான், கை நடுங்குவதும் எனக்குத்தான்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பீரியட் எங்களுக்கு டைப்பிங் இல்லை. அப்போது மேலே போய் பிசிக்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். சார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். கேள்வி கேட்டுக்கொண்டே வருவார், என் பக்கத்து ஆளோடு நிறுத்திக்கொள்வார். என்னை விரட்டவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. இல்லாத ஆளாக உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்திலும் 'இருவரும் நலமா' என்று கேட்கிறீர்கள். அண்ணன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து அப்படித்தான் கேட்கிறீர்கள். அவன் மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன் என்றான். நீங்கள் சயின்ஸ் குரூப்தான் என்று கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து உங்கள் வாயில் அவன் பேச்சே இல்லை. அவனைக் கேட்காமல் சேர்த்தீர்கள். என்னைக் கேட்காமல் எடுத்தீர்கள். உங்களுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர்.

உங்கள் மகள்


செப்டம்பர் 30

உங்களுக்கு,

இங்கு நலம். அங்கு நலமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன், கோபம் இருந்தாலும்.

மகள் எழுதினால் பதில் எழுத வேண்டும். மூன்று வாரமாகத் தபால்காரர் தெருவில் திரும்பும்போது அவள் வாசலில் போய் நிற்கிறாள். அவர் நம் வீட்டைத் தாண்டிப் போனதும் செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை செய்கிறாள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதை அவள் எழுதியிருப்பாள். நடந்ததை நான் எழுதுகிறேன். தலைமையாசிரியை நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பிறகு, "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா நீங்க வந்தது? அவரே சொல்லட்டுமே" என்றார். நீங்கள் இங்கே இல்லாத வருஷங்களில் வீட்டு வாடகையைப் பேசினது நான். பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது விடிய விடிய விழித்திருந்தது நான். மகன் போன அன்று பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக அலைந்தது நான். அவள் எந்தப் பெஞ்சில் உட்காருவாள் என்று சொல்ல மட்டும் நான் ஆள் இல்லை. எங்கோ கடற்கரையில் இருந்துகொண்டு நீங்கள் போனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இருக்கிற எடை, நேரில் போய் நின்ற எனக்கு இல்லை. எனக்கு அவர் மேல் கோபமில்லை. உங்கள் மேல்தான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


அக்டோபர் 12

அன்புள்ள கடுகு,

நலம். வேலை அதிகம். கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. அம்மாவிடம் தைலம் இருக்கிறது என்று சொல்.

நீ எழுதிய அந்தப் பேச்சை இனி எடுக்காதே. வயதுக்கு மீறிப் பேசுகிறாய். போனவன் கதையைக் கொண்டுவந்து இதில் முடிச்சுப் போடாதே. உனக்கு ஒன்றும் தெரியாது.

குளிர் வருகிறது. காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


நவம்பர் 3

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

போன வாரம் பிசிக்ஸ் வகுப்பில் பரீட்சை. சார் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசி பெஞ்சுக்கு வந்ததும் என் முன்னாலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். எழுதினேன். பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நான்தான் அந்த வகுப்பில் இல்லையே.

நேற்று திருத்தின தாள் பெஞ்சில் இருந்தது. நாற்பத்திநான்கு. வகுப்பில் அதிகம் அறுபத்தொன்று. பிரமாதம் இல்லை என்று எனக்கே தெரியும். ஒரு கணக்கில் பாதி வரை சரியாகப் போய்விட்டு, கடைசியில் கூட்டலில் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் சார் சிவப்பு மையில் 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு?' என்று எழுதியிருந்தார். அப்பா, அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன். இந்த வருஷம் என்னைத் திட்டுகிற அளவுக்கு மதித்தவர் அவர் ஒருவர்தான்.

பிசிக்ஸ் கஷ்டம்தான். கஷ்டமாக இருப்பதால்தான் பிடித்திருக்கிறது. வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் சுற்றுகிறபோது ஏன் கொட்டுவதில்லை என்று ஒரு வாரம் எனக்குப் புரியவேயில்லை. சலவைக்கூடத்து மெஷின் துணியைச் சுற்றிப் பிழிவதை அம்மா கையால் சுற்றிக் காட்டினாள், சட்டென்று பிடிபட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை உங்கள் நிழல் நாற்காலி தருமா?

அரையாண்டுத் தேர்வு அடுத்த மாதம். தலைமையாசிரியையின் நம்பர் உங்களிடம் இருக்கிறது. போன தடவை போட்ட அதே நம்பர்தான். இனி நான் எழுத மாட்டேன்.

உங்கள் மகள்


நவம்பர் 24

அன்புள்ள கடுகு,

நான் நலம். எல்லோரும் நலமா?

தலைமையாசிரியைக்குப் போன் பண்ணிவிட்டேன். மறுபடியும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். "எங்கிட்ட கேக்காதீங்க, அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா வந்து சொன்னாலும் நான் சொன்ன மாதிரிதான் என்றும் சொன்னேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

எனக்குச் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் கோபம்தான். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா அது? உன் கடிதத்தை வெல்டர் கேட்டார் என்று படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, இந்தப் பெண் கூண்டில் ஏறினால் கீழே நிற்கிறவன் கதி அதோகதிதான் என்றார். அவர் மேலும் கோபம்.

ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்திமூன்று என்று நீ சொன்ன அன்று எனக்கு உன் மார்க் கண்ணில் படவில்லை. அவன் பையோடு படி இறங்கிப் போயிருப்பானே, அது கண்ணில் பட்டது. நான் அப்போது இங்கே இருந்தேன், அதைப் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் எப்போதும் கண்ணில் நிற்கிறது. நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். போதுமா?

அவன் சொல்லவில்லை. முடியவில்லை என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனா? நான் என்ன கல்லா? உன்னை ஒன்று கேட்கிறேன். கஷ்டமாக இருந்தால் நீ சொல்வாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


டிசம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் நலத்தை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

திங்கட்கிழமை மேலே போனேன். சார் பெயர்களைக் கூப்பிட்டார். கடைசியில் என் பெயர் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தது. நான் 'எஸ் சார்' என்று போட்ட சத்தத்தில் லேபே சிரித்துவிட்டது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருவாளாம். உங்களுக்கு நன்றி எழுதச் சொன்னாள். என்னுடையதை எடுத்து என்னிடமே திரும்பக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அவன் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சொன்னான் அப்பா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். நாம் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னால முடியலப்பா" என்றான். நீங்கள், "மொதல்ல சாப்பிடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தீர்கள். அவன் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். நீங்கள் களைப்பில் போய்ப் படுத்துவிட்டீர்கள். அவன் நீங்கள் எழுந்து வருவீர்கள் என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். நான் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேன், இரு என்றான். மறுநாள் நீங்கள் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

அவன் சொன்னான், சாப்பிடச் சொன்னீர்கள். நான் சொன்னேன், பெயரை எடுத்தீர்கள். அதற்குப் பிறகும் சொல்வாயா என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. அரையாண்டில் பிசிக்ஸில் ஐம்பது கூட வராமல் போகலாம். கெமிஸ்ட்ரி அதைவிட மோசம். எங்கேயும் போக மாட்டேன். இதை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், படித்தால் போதும்.

அவன் ஒரு மோட்டார் ஷெட்டில் வேலை செய்கிறான். நன்றாக இருக்கிறான். என் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறான், காகிதம் முழுக்க கிரீஸ் விரல். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். இன்றைக்கு அதை மீறுகிறேன், அவன் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முகவரி இந்தக் காகிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆனால் முதலில் அவனுக்கு எழுதிவிட்டு, அப்புறம் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
கடுகு